இறாற் குளத்தின் இரவும் சிறு பலகை வரைந்த கோடும்

விழா மலருக்குப் பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் பழைய நினைவுகளாகவே அமைதல் வழக்கம். நாம் அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, இன்று எமது கல்லூரியின் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணாக்கருக்குப் பயன்படத்தக்க ஒரு பாடத்தை எழுதப் புகுகின்றோம். பாடம் புதியது; ஆயின் அதன் களம் நாம் அனைவரும் அறிந்தது. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி வரை நீளும் எமது கரையிலே உப்பும் மீனும் இறாலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இம்மூன்றில் இறாலை எடுத்துக்கொண்டு, ஓர் உணரி தரும் எண்களைச் சிறிய இலத்திரனியற் பலகை ஒன்றின் துணையால் கோடாக வரைந்து காண்பது எவ்வாறு என்பதையும், அவ்வாறு காண்பதனால் வரும் பயன் யாது என்பதையும் முறையாக நோக்குவோம்.

ஒரு சோறு பதம்

எமது முன்னோர் அளக்கத் தெரியாதவர் அல்லர். புத்தளத்து உப்பளங்களிலே உவர்நீரின் செறிவைப் போமே அளவையிற் குறிக்கப்பட்ட மிதவைமானியால் அறிவர். கடல் நீர் அவ்வளவையில் ஏறத்தாழ 3 பாகை காட்டும். வெயிலில் நீர் வற்ற வற்ற அவ்வெண் ஏறும். ஏறத்தாழ 25 பாகையில் உப்புப் பூக்கத் தொடங்கும். 30 பாகையை அண்மியதும், கைப்புச் சுவையுள்ள எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர். இம்மாற்றம் நாட்கணக்கில் நிகழ்வது. ஆதலால், காலையில் ஒருமுறை மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பவர் அன்றைய நிலையைச் சரியாகவே அறிந்துகொள்வார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உப்புப் பாத்திக்குப் பொருந்தும் வாக்கு.

இறாற் குளத்துக்கோ அது பொருந்தாது. குளத்து நீரின் உயிர்நாடியான கரைந்த ஒட்சிசன் ஒரே நாளில் இருமடங்காக ஏறிப் பின்னர் பாதிக்கும் கீழே இறங்க வல்லது. காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு வாசிப்பு, மறுநாள் விடியற்காலை நான்கு மணியின் நிலையைப் பற்றி யாதொன்றும் சொல்லாது. பானையிலே சோறு முழுவதும் ஒன்றாக வேகின்றது. குளத்திலே பகல் வேறு, இரவு வேறு. ஆகவே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "எவ்வளவு?" என்பதன்று; "எவ்வளவு விரைவாக மாறுகின்றது?" என்பதே. இக்கேள்விக்கு ஓர் எண் விடையளிக்காது. வரிசையாக நிற்கும் பல எண்களே விடையளிக்கும். அவ்வரிசையைக் கண் ஒரே நோக்கில் பற்றிக்கொள்ளுமாறு செய்வது கோடு.

எண்களைக் கோடாக்கும் கலை மிகப் பழையதன்று. 1786 ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபெயர் என்னும் ஸ்கொத்லாந்தியர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் காலத்துக்கு எதிரான கோடுகளாக வரைந்து நூலொன்றில் வெளியிட்டார். நீராவி இயந்திரத்தைச் சீர்செய்த ஜேம்ஸ் வாட் என்பாரிடம் வரைஞராகப் பணியாற்றியவர் அவர். அட்டவணையிற் புலப்படாத ஏற்றத்தாழ்வு கோட்டிற் புலப்பட்டது. இன்று நோயாளியின் படுக்கையருகே தொங்கும் காய்ச்சல் அட்டையும் அந்த மரபைச் சேர்ந்ததே.

குளத்தில் இரவு நிகழ்வது

பகலிலே குளத்து நீரில் வாழும் நுண்பாசிகள் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனை வெளிவிடுகின்றன. மாலை மூன்று நான்கு மணியளவில் அதன் அளவு உச்சத்தை அடையும். சூரியன் மறைந்தபின் ஒளித்தொகுப்பு நின்றுவிடும். ஆயின் சுவாசம் நிற்பதில்லை. இறாலும் சுவாசிக்கின்றது, பாசியும் சுவாசிக்கின்றது, அடிச்சேற்றிலே எஞ்சிய தீனியைச் சிதைக்கும் பற்றீரியங்களும் சுவாசிக்கின்றன. எனவே இரவு முழுவதும் ஒட்சிசன் குறைந்துகொண்டே சென்று, விடிவதற்குச் சற்று முன்னர் அடிமட்டத்தை அடைகின்றது.

இலீற்றர் ஒன்றுக்கு 4 அல்லது 5 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் இருப்பின் இறாலுக்கு நலம். 3 மில்லிகிராமுக்குக் கீழே அது தளர்ச்சியுறும்; தீனியை விடும்; நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். அதனினுங் கீழே இறங்கினால் இறால்கள் நீரின் மேற்பரப்புக்கும் வரம்போரத்துக்கும் ஒதுங்கி வருதலைக் காணலாம். அக்காட்சியைக் கண்ட பண்ணையாளருக்கு அதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. கடன்பட்டு வாங்கிய குஞ்சும், மாதக்கணக்கில் இட்ட தீனியும், வீட்டாரின் எதிர்பார்ப்பும் ஒரே வைகறையில் மிதந்துவிடும்.

இதில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. மாலை நான்கு மணிக்கு மிக உயர்ந்த வாசிப்பைக் கண்டு பண்ணையாளர் மகிழ்தல் இயல்பு. ஆயின் உச்சம் மிக உயர்தல் பாசி மிகுந்துள்ளமைக்கு அறிகுறி. பகலில் மிகுதியாகத் தரும் பாசியே இரவில் மிகுதியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே உயர்ந்த உச்சம் ஆழ்ந்த பள்ளத்தையும் முன்னறிவிக்கக்கூடும். பகல் வாசிப்பை மட்டும் ஏட்டில் எழுதி வைப்பவருக்கு ஆபத்து நலம்போலத் தோற்றும். நாள் முழுவதையும் கோடாகக் காண்பவரே அலையின் இரு புறத்தையும் அறிவர்.

குளத்துநீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரப் பொறிகள் இவ்வாபத்துக்கு மருந்து. ஆயின் அவற்றை இரவெல்லாம் ஓட்டினால் மின்சாரச் செலவோ எண்ணெய்ச் செலவோ மிகும். ஓட்டாது விட்டால் இறால் போம். எப்போது ஓட்டத் தொடங்குவது என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடைகாணும் பொருட்டே நாம் பலகையை எடுக்கின்றோம்.

பலகையும் உணரியும்

2005 ஆம் ஆண்டில் வட இத்தாலியின் இவ்ரேயா நகரத்திலே வடிவமைப்புப் பயிலும் மாணாக்கருக்காக உருவாக்கப்பட்டது ஆர்டுயினோ என்னும் பலகை. 1002 ஆம் ஆண்டில் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுயின் என்பவனின் பெயர் அந்நகரத்து மதுச்சாலை ஒன்றுக்கு இடப்பட்டிருந்தது. அங்கே கூடிய ஆசிரியர்கள் அப்பெயரையே தம் பலகைக்கும் சூட்டினர். உள்ளங்கையில் அடங்கும் இப்பலகையின் நடுவே இருப்பது நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு. நாம் கணினியில் எழுதும் நிரலை அதனுட் செலுத்திவிட்டால், மின் உள்ளவரை அது அந்நிரலையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருக்கும். உறக்கமோ சலிப்போ அதற்கு இல்லை. இரவுக் காவலுக்கு வேறென்ன வேண்டும்?

ஒட்சிசனை உணர்வதற்குரிய கருவி, உயிர்வாயு ஊடுருவத்தக்க மெல்லிய சவ்வினால் மூடிய ஒரு மின்வாய்த் தொகுதி. குருதியிலுள்ள ஒட்சிசனை அளக்கும்பொருட்டு அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளாக் 1956 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. சவ்வினூடே புகும் ஒட்சிசனுக்கு ஏற்ப ஒரு சிறு மின் சைகை எழும். பலகை அச்சைகையின் அழுத்தத்தை எண்ணாக மாற்றும். இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும்: பலகைக்கு ஒட்சிசன் என்பது தெரியாது. 0 முதல் 1023 வரை ஓர் எண் மட்டுமே அதற்குத் தெரியும். அவ்வெண்ணுக்குப் பொருள் கொடுப்பவர் நாமே.

பொருள் கொடுப்பது அளவு திருத்தம் என்னும் செயலால். ஈரமான காற்றிலே உணரியைப் பிடித்தால் அது நூறு வீத நிரம்பலைக் காட்டவேண்டும். சோடியஞ் சல்பைற்றுக் கரைசலில் ஒட்சிசன் இராது, ஆதலால் அதில் சுழியைக் காட்டவேண்டும். இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோடே எண்ணை மில்லிகிராமாக்கும் விதி. மூன்றாவது சாட்சி வேண்டின், லயோஸ் விங்க்ளர் என்னும் அங்கேரிய இரசாயனர் 1888 ஆம் ஆண்டில் வெளியிட்ட நியமிப்பு முறை உண்டு. மங்கனீசு உப்பும் காரமான அயடைட்டும் சேர்த்து, விடுபடும் அயடீனைத் தயோசல்பேற்றினால் நியமிக்கும் அம்முறையைக் கல்லூரி ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். புதிய உணரியைப் பழைய அளவி சரிபார்ப்பது இரு தலைமுறையும் ஓரிடத்தில் அமர்ந்து வேலை செய்வது போன்றது.

எமது கரைக்குரிய ஓர் எச்சரிக்கையும் ஈண்டுக் கூறவேண்டும். 30 பாகை செல்சியசிலே நன்னீர் இலீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். அதே வெப்பநிலையிற் கடல்நீர் ஏறத்தாழ 6.2 மில்லிகிராமே கொள்ளும். கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து கலக்கும் புத்தளம் வாவியோ கோடையிற் கடலினும் உவர்ப்பாவதுண்டு. ஆகையால் நன்னீருக்கென எழுதிய நிரலை உவர்நீர்க் குளத்தில் அப்படியே பயன்படுத்தினால் இருப்பதினும் மிகுதியாகக் காட்டும். உயிருக்கு ஆபத்தான திசையில் வரும் பிழை இது. வெப்பநிலையையும் உவர்ப்பையும் உடன் அளந்து கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

படிக்கட்டில் ஏறிய வெப்பம்

நாம் முதன்முதலில் வரைந்த கோட்டின் கதையை ஒளியாது கூறுவோம். வெப்பநிலையோடு தொடங்குவோம் எனக் கருதி, பாகை ஒன்றுக்கு 10 மில்லிவோல்ற்றுத் தரும் எல்எம்35 என்னும் உணரியைப் பலகையோடு இணைத்து, வாளி நீரில் இட்டு, திரையைப் பார்த்திருந்தோம். கோடு வழுக்கிச் செல்லாமல் படிக்கட்டுப்போல் ஏறி இறங்கியது. நீரின் வெப்பம் திடீர் திடீரென அரைப் பாகை பாய்கின்றது என்று உடனிருந்த மாணாக்கர் முடிவுகட்டினர். நாமும் சற்று நேரம் அவ்வாறே நம்பினோம்.

குற்றம் நீரினதன்று. பலகை 5 வோல்ற்றை 1024 கூறாகப் பிரிக்கின்றது. ஒரு கூறு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. உணரியோ பாகைக்கு 10 மில்லிவோல்ற்றே தருகின்றது. ஆகவே பலகை காணக்கூடிய மிகச் சிறிய மாற்றம் ஏறத்தாழ அரைப் பாகை. நாம் கண்ட படிக்கட்டு நீரின் இயல்பன்று. எம் அளவுகோலின் இயல்பு. பலகையின் உள்ளேயுள்ள 1.1 வோல்ற்று மேற்கோளைத் தெரிவுசெய்தபோது ஒரு படி ஏறத்தாழ 0.1 பாகையாயிற்று, கோடும் மழமழப்பாயிற்று.

இதிலிருந்து மற்றொரு பாடமும் எழுகின்றது. நீரிலே அமிழ்த்தத்தக்க டிஎஸ்18பி20 என்னும் இலக்க உணரி 0.0625 பாகை அளவுக்கு நுண்ணிய எண்ணைத் தரும். ஆயின் அதனை ஆக்கியோர் உறுதிகூறும் செம்மை அரைப் பாகைக்குள் என்பதே. நுண்மை வேறு, செம்மை வேறு. கடிகாரம் நொடிமுள்ளோடு ஓடுகின்றது என்பதனால் அது சரியான நேரத்தைக் காட்டுகின்றது என்று ஆகிவிடாது. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் உணரியை இட்டு, சுழிப் பாகைக்கு எவ்வளவு விலகி நிற்கின்றது எனக் குறித்துக்கொள்ளல் நன்று.

நேரத்தைக் கட்டுதல்

வரைபின் கிடையச்சு நேரம். பலகைக்கோ இன்ன நாள், இன்ன மணி என்பது தெரியாது. தான் விழித்தெழுந்த கணத்திலிருந்து கழிந்த மில்லிசெக்கன்களை மட்டும் அது எண்ணும். அவ்வெண்ணும் ஏறத்தாழ 49 நாளும் 17 மணித்தியாலமும் கழிந்ததும் மீண்டும் சுழிக்குத் திரும்பிவிடும். நள்ளிரவில் மின் நின்று திரும்பவும் வந்தால் அது தன்னைப் புதிதாய்ப் பிறந்ததாகவே கருதும். ஆகையால் சிறு மின்கலத்தோடு கூடிய ஒரு கடிகாரச் சில்லையும், வாசிப்புகளை எழுதிவைக்க ஒரு நினைவட்டையையும் சேர்த்தல் இன்றியமையாதது. டிஎஸ்3231 என்னும் கடிகாரச் சில்லு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள்ளேயே பிழைக்கும்.

எத்தனைக்கொருமுறை வாசிப்பது? செக்கனுக்கு ஒன்றென எடுத்தால் நாளொன்றுக்கு 86,400 எண்கள் குவியும். குளம் அத்துணை விரைவில் மாறுவதில்லை. மணிக்கு ஒன்றென எடுத்தால், திடீரென வந்து மறையும் வீழ்ச்சி தவறிப்போகலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்றென எடுத்தால் நாளுக்கு 144 வாசிப்புகள் வரும். குளத்துக்கு அது போதும். ஒவ்வொரு முறையும் ஒன்பது வாசிப்புகளைத் தொடர்ந்து எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை மட்டும் எழுதினால், தளர்ந்த கம்பியினால் வரும் தாவல் கோட்டைக் கெடுக்காது. சராசரியோ ஒரு பொய் வாசிப்பினாலும் சாய்ந்துவிடும், நடுவெண் சாயாது.

வரைபும் அதன் அளவுத்திட்டமும்

பலகை கணினிக்கு அனுப்பும் எண்களை உடனுக்குடன் கோடாக வரையும் சாளரம் ஒன்று ஆர்டுயினோ மென்பொருளிலேயே 2015 ஆம் ஆண்டிலிருந்து உண்டு. நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். திரையிற் கோடு ஓடத் தொடங்கும். முதன்முறை காண்பவருக்கு அது மகிழ்ச்சி தரும் காட்சி. ஆயின் அச்சாளரத்திற்கு இரு குணங்கள் உண்டு. அவற்றை அறியாதார் ஏமாறுவர்.

முதலாவது, அது தன் நிலைக்குத்து அச்சைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒட்சிசன் 6.0 இலிருந்து 6.1 க்கு அசைந்தால், அச்சிறு அசைவைத் திரை முழுவதும் நிரப்பி மலைபோற் காட்டும். பின்னர் 6 இலிருந்து 3 க்கு வீழ்ந்தால் அதையும் அதே உயரத்தில் காட்டும். மலையும் மடுவும் ஒன்றாகத் தோன்றும் படம் கண்ணுக்கு விருந்தாகலாம், அறிவுக்கு ஆகாது. இதற்கு எளிய பரிகாரம் உண்டு. வாசிப்போடு சேர்த்து 0 என்னும் மாறிலியையும் 12 என்னும் மாறிலியையும் ஒவ்வொரு முறையும் அனுப்பினால், அவை அடியிலும் முடியிலும் இரு நேர்கோடுகளாக நின்று அச்சை அசையாது பிடித்துக்கொள்ளும். நான்காவதாக 3 என்னும் மாறிலியையும் அனுப்பினால் அது ஆபத்தின் எல்லைக்கோடாகும். கோடு அவ்வெல்லையை நோக்கி வருகின்றதா, விலகிச் செல்கின்றதா என்பதைப் படிப்பறியாதவரும் காண்பர்.

இரண்டாவது, அச்சாளரம் அண்மைய புள்ளிகளை மட்டும் காட்டிப் பழையவற்றை இடப்புறமாக வெளியே தள்ளிவிடும். காவலாளி கண்டதை எழுதிவைக்காது மறப்பதற்கு அது ஒப்பாகும். ஆகவே உடனடிக் காட்சிக்குச் சாளரமும், ஆராய்ச்சிக்கு நினைவட்டையிலுள்ள பதிவும் எனப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். அப்பதிவைக் கணினியின் அட்டவணைச் செயலியில் திறந்து, பல நாட்களின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நள்ளிரவோடு நள்ளிரவு பொருந்த வரைக. இன்றைய கோடு நேற்றையதினும் எங்கே தாழ்ந்தது என்பது அப்போது தெளிவாகும்.

கோட்டை நீட்டுதல்

இப்போது கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருகின்றோம். நடந்ததைக் காட்டுவது கோட்டின் ஒரு பயன்; நடக்கவிருப்பதை உணர்த்துவது அதன் பெரும் பயன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் மீன்குளங்களை ஆராய்ந்த கிளோட் போய்ட் என்பாரும் அவர் துணைவரும் 1978 ஆம் ஆண்டில் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். இரவிலே ஒட்சிசன் ஏறத்தாழச் சீரான வேகத்தில் இறங்குகின்றது. ஆதலால் பொழுது சாய்ந்ததும் ஒரு வாசிப்பும், அதற்கு இரண்டு மூன்று மணித்தியாலத்தின் பின் ஒரு வாசிப்பும் எடுத்து, இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டை விடியல்வரை நீட்டினால், விடியற்கால அளவைப் பெரிதும் முன்கூட்டியே அறியலாம் என்பதே அம்முறை.

பயிற்சிக்காக இரு எடுத்துக்காட்டுகள் தருவோம். இவை நாம் கற்பித்துக்கொண்ட எண்களே. வெயில் எறித்த நாளொன்றில் மாலை 6 மணிக்கு 7.4, இரவு 9 மணிக்கு 6.2 எனக் கொள்க. மூன்று மணித்தியாலத்தில் 1.2 குறைந்தது, மணிக்கு 0.4. அதிகாலை 5 மணிவரை எட்டு மணித்தியாலம் உண்டு. 8 ஐ 0.4 ஆற் பெருக்க 3.2, 6.2 இலிருந்து கழிக்க 3.0. எல்லையை அப்போதுதான் தொடும். பொறியை 3 மணிக்கு ஓட்டினாற் போதும். இனி, முகில் மூடிய நாளொன்றை நோக்குக. மாலை 6 மணிக்கு 6.2, இரவு 9 மணிக்கு 5.0. வேகம் அதே 0.4 தான். ஆயின் 5.0 இலிருந்து 3.0 க்கு இறங்க ஐந்து மணித்தியாலமே ஆகும். இரவு 2 மணிக்கே எல்லை கடக்கும். விழித்தெழுவார் எவரும் இல்லாத வேளை அது. 9 மணிக்கு 5.0 என்னும் வாசிப்பை மட்டும் கண்டவர், "நலம்" என எழுதி உறங்கச் சென்றிருப்பார். கோட்டைக் கண்டவரோ நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குப் பொறியை ஓட்ட ஆயத்தம் செய்வார். இரண்டு நாட்களின் சரிவும் ஒன்றே. வேறுபாடு தொடக்கத்தில் உள்ளது. சரிவையும் தொடக்கத்தையும் ஒருங்கே காட்ட வல்லது கோடு ஒன்றே.

நிரலில் இக்கணக்கை எழுதுதல் கடினமன்று. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். வகுப்பறையிற் கற்ற நேர்கோட்டுச் சமன்பாடு நள்ளிரவில் வரம்போரத்தில் வேலை செய்வதைக் காணும் மாணாக்கன், "இப்பாடம் எதற்கு?" என்று மீண்டும் கேட்கமாட்டான்.

கோடு காட்டாதவை

கருவியை ஏற்றிப் பேசுவோர் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவர். உணரியின் சவ்வின்மேற் பாசியும் அழுக்கும் படிய, அதனூடு புகும் ஒட்சிசன் குறையும். கோடு நாளுக்கு நாள் தாழும். குளம் கெடுகின்றதா, உணரி கெடுகின்றதா என்பதை அறிவது எங்ஙனம்? உணரியை வெளியே எடுத்து, துடைக்குமுன் ஈரக் காற்றிற் பிடித்துப் பார்க்க. நூறு வீதத்தைக் காட்டினால் குற்றம் குளத்தில், காட்டாவிடின் உணரியில். வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யாத பண்ணையில் வரைபு இருப்பதினும் இல்லாதிருப்பதே மேல். பொய்க் காவலன் உள்ள வீட்டார் அயர்ந்து உறங்குவர் அன்றோ? எமது உப்புக்காற்றும் கம்பிகளின் பகைவன். செப்பு பச்சை பூத்து இணைப்புத் தளர்வது சில வாரங்களிலேயே நிகழும். இணைப்புகளை ஈயப்பற்று வைத்து, இறுக மூடிய பெட்டியுள் அடைத்தல் வேண்டும்.

நோயையும் இக்கோடு காட்டாது. 1996 ஆம் ஆண்டில் எமது மாவட்டத்து இறாற் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியதை மூத்தோர் மறந்திரார். பல பண்ணைகள் டச்சுக்காரர் வெட்டிய கால்வாயினின்றும் முந்தல் வாவியினின்றும் நீரை எடுத்து, கழிநீரையும் அவற்றுக்கே விட்டமையால், ஒருவர் குளத்து நோய் அயலார் குளத்துக்கும் பரவ வழியுண்டாயிற்று. அதனைத் தடுப்பது தனியொருவர் பலகையால் ஆவதன்று. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் மேற்பார்வையில், எப்பகுதியார் எப்பருவத்தில் குஞ்சு விடுவது என வகுத்த அட்டவணை போன்ற பொது ஒழுங்கே அதற்கு வழி. ஒட்சிசன் குறைந்து வாடிய இறாலை நோய் எளிதிற் பற்றும் என்ற அளவிலேயே எமது கோடு அங்கே துணைசெய்யும்.

வரம்பில் நிற்பவருக்கு ஒரு வரைபு

கணினித் திரையில் ஓடும் கோடு ஆய்வுகூடத்துக்கு ஏற்றது. இரவு ஒரு மணிக்கு மின்சூளோடு வரம்பில் நிற்பவருக்குக் கணினி ஏது? இங்கே மற்றொரு பலகை எமக்கு வழிகாட்டுகின்றது. 2016 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் பதினொன்று பன்னிரண்டு வயது மாணாக்கருக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் பலகைகள் இலவசமாக வழங்கப்பட்டன. மைக்ரோபிட் என்னும் அப்பலகையின் முகத்திலே ஐந்துக்கு ஐந்தாக 25 சிறு ஒளிகள் உண்டு. இருபத்தைந்து ஒளியால் என்ன வரைபு வரையலாம் என எண்ணற்க.

ஐந்து நிரல்களையும் கடந்த ஐந்து மணித்தியாலமாகக் கொள்வோம். வலப்புற நிரல் இம்மணி. ஒவ்வொரு நிரலிலும் எரியும் ஒளிகளின் தொகை மில்லிகிராமைக் குறிக்கட்டும். ஐந்தும் ஐந்துக்கு மேலும் ஆயின் ஐந்து ஒளி. இடமிருந்து வலமாக ஐந்து, ஐந்து, நான்கு, நான்கு, மூன்று எனப் படியிறங்கும் ஒளிகளைத் தொலைவில் நின்று காண்பவருக்கு எண் வேண்டியதில்லை, எழுத்து வேண்டியதில்லை, மொழியும் வேண்டியதில்லை. படி கீழிறங்குகின்றது, பொறியை ஓட்டு. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்துப் பண்ணை வைத்திருக்கும் எமது கரையில் எல்லோரும் ஒருங்கே படிக்கக்கூடிய பக்கம் அது. தரவைக் காட்சியாக்கல் என்பதன் முழுப்பொருளும் இவ்விருபத்தைந்து ஒளியுள் அடங்கியுள்ளது எனலாம்: காண்பவர் யார், எந்நேரம் காண்பர், கண்டபின் யாது செய்வர் என்பதை முதலிற் கேட்டு, அதற்கு வேண்டியதை மட்டும் காட்டுதல்.

முடிவுரை

எமது நாட்டின் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதனைப் பயில்வோர்க்கும், விஞ்ஞானம் பயில்வோர்க்கும், வேறு துறையினர்க்கும் ஒரு பயிற்சியை முன்வைத்து அமைகின்றோம். உணரி கிட்டாவிடினும் கவலையில்லை. வெப்பமானி ஒன்றையும் கட்டக்கோட்டுத் தாள் ஒன்றையும் எடுத்து, வீட்டுக் கிணற்று நீரினதோ வாவிக்கரை நீரினதோ வெப்பநிலையை ஒரு நாள் முழுவதும் இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து, கையாலேயே புள்ளியிட்டு இணைக்க. நள்ளிரவுக்கும் அதிகாலை இரண்டு மணிக்கும் எழுந்து அளப்பதன் கடினத்தை ஒரு முறை உணர்ந்தவருக்கே, அவ்வேலையை உறங்காது செய்யும் பலகையின் அருமை விளங்கும். அதன்பின் பலகையை எடுக்க. கையால் வரைந்த கோட்டையும் பலகை வரைந்த கோட்டையும் ஒப்பிட்டு, வேறுபடுமிடத்துக் காரணங் காண்க.

பழைய மாணவராகிய அன்பர்க்கும் ஒரு வேண்டுகோள். விழாக் காலத்தில் கல்லூரிக்குப் பலகைகளும் கருவிகளும் வாங்கி உதவுதல் நன்று. அதனினும் நன்று, பண்ணை வைத்திருப்போர் தம் குளத்து வரம்பில் மாணாக்கர் ஒரு பெட்டியை நட்டுவைக்க இடங்கொடுத்தல். ஆய்வுகூடத்து வாளியில் ஒட்சிசன் குறைந்தால் எவருக்கும் நட்டமில்லை. ஆகையால் அங்கே கோட்டைக் கவனமாக வரைய வேண்டும் என்னும் எண்ணமும் எழாது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் மிதக்கும் குளத்தருகே நின்று வரைந்த மாணாக்கன் அளவு திருத்தத்தை மறவான். அச்சைச் சரியாகக் கட்டுவான். சவ்வைத் துடைக்க வாரந்தோறும் வருவான்.

அத்தகைய மாணாக்கரை எம் கல்லூரி மேன்மேலும் ஈன்றெடுப்பதாக.